அலறல் கம்பெனிக்கே சொந்தம்!

"ஆஆஆ... ஐயோ... விட்ருடா!!"

ரெம்பாவ் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

செனாவாங் ஃபேக்டரிக்குக் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஃபெலிசியா மோட்டார் சைக்கிளைச் சட்டென நிறுத்தினாள்.

கொலை என்று பயந்து அல்ல...

அது அவளுடைய அலறல்!

போன வருஷம் ஒரு பேய் நாடகப் பதிவுக்காக மூன்று மணி நேரம் அலறிக் கொடுத்தாள். ஒரு வாரம் தொண்டை கட்டிப்போய் சைகையில்தான் பேசினாள். நாடகம் வந்தது. அவள் பெயர் வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சத்தம் வந்த திசையில் ஓடினாள். பிணம் இல்லை. செம்பனை மரத்தில் ஒரு ஸ்பீக்கர். அடியில், ஏணியைப் பிடித்தபடி அந்த நாடகத்தின் தயாரிப்பாளர் தர்மராஜ்!

"அண்ணே! என் தொண்டைக்கு மரத்துல என்ன வேலை?"

"காட்டுப்பன்னி விரட்டுற மெஷின் லா. உன் சத்தம் கேட்டா ஒரு பன்னி நிக்காது!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பேராச்சும் போடுங்க. 'ஃபெலிசியாவின் அலறல்'னு ஒரு ஸ்டிக்கர்..."

தர்மராஜ் பையிலிருந்து ஒப்பந்தத்தை உருவினார்.

"கூலிக்கு அலறுன, முடிஞ்சுபோச்சு. அலறல் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனி நான்தான்!"

ஃபெலிசியாவுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஹேமநாதன்! சட்டையெல்லாம் சேறு. கையில் விலங்கு! இந்த அலறலை நம்பி நாலு நாளாக, இல்லாத பிணத்தைத் தோட்டம் முழுக்கத் தேடியவர்...

அழுகை சட்டென நின்றது.

"பாதியாச்சும் என்னோடது அண்ணே," என்றாள் பாவமாக.

"கால்வாசி கூட கிடையாது!"

"அந்தக் கடைசி 'ஐயோ'வாவது?"

"ஐயோவும் என்னோடது! அந்தச் சத்தத்துக்கு நான் ஒருத்தன்தான் பொறுப்பு! எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போ!"

"போலாமே," என்றார் ஹேமநாதன். "நாலு நாளா போலீசை அலைய விட்ட சத்தம்... ஓனரைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

தர்மராஜ் திரும்பினார். முகம் வெளுத்தது.

"சார்... அலறுனது இவதான் சார்!"

ஃபெலிசியா ஒப்பந்தத்தைப் பிடுங்கி நீட்டினாள். "என் பேரே எங்கேயும் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு சார். படிச்சுப் பாருங்க."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"ஆஆஆ... ஐயய்யோ!!"

தர்மராஜின் அலறலில் புதருக்குள்ளிருந்து மூன்று காட்டுப்பன்றிகள் தெறித்து ஓடின!

ஃபெலிசியா கைப்பேசியில் அந்த அலறலின் பதிவை நிறுத்தி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.

"என்னோடதைவிட நல்லா வேலை செய்யுது அண்ணே... இங்க ஒரு சைன் போடுறீங்களா?"