பதினேழாம் பக்கம்

“நிறுத்துங்க! லாரியை நிறுத்துங்க!”

கத்தியவள் ஒரு சரித்திர டீச்சர். அவள் கத்தியது, மரம் ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்த ஒரு லாரியைப் பார்த்து. லாரிக்கும் மரக்கடை வாசலுக்கும் நடுவே, அளவு நாடாவின் இரு முனைகளையும் பிடித்தபடி இரண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள்...

பிரேக் அலறியது. லாரி நின்றது.

கடைக்குள்ளிருந்து அவன் ஓடி வந்தான். தலையிலும் சட்டையிலும் மரத்தூள்.

“யாருங்க நீங்க? என் கடை வாசல்ல என்ன பண்றீங்க?”

“அளக்கறோம்.”

“எதை?”

“உங்க சுவரை.”

“அதை விக்கிறதா நான் சொல்லவே இல்லையே!”

டீச்சரோடு வந்திருந்த பதினோரு பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். உதடு கேட்கவில்லை.

சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. “உள்ள வாங்க, உள்ள வாங்க!” என்று அவனே எல்லோரையும் கொட்டகைக்குள் இழுத்தான். பலகை அடுக்குகளின் வாசனை. தகரக் கூரையில் மழையின் சத்தம். அவன் இமையில் ஒரு துளி நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

*சே! எதைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன்?*

அதற்குள் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு அவன் முன் நின்றாள். வகுப்பில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர்.

“சார், பள்ளிக்கூடத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நேரா ஒரு பொதுப்பாதை இருந்திருக்கு. பழைய வரைபடத்துல பார்த்தோம். பதினோரு அடி அகலம். இப்ப அது உங்க சுவருக்குள்ள இருக்கு. அதனால நாங்க லாரி போற மெயின் ரோட்டைச் சுத்திப் போறோம். போன மாசம் ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி சைக்கிளோட அடிபட்டு, இப்ப கால்ல மாவுக்கட்டு. சுவர் எப்ப கட்டினது?”

“இருபது வருஷம் இருக்கும். எங்கப்பா கட்டினது. எனக்கு அப்ப ஏழு வயசு.”

“அதுக்கு முன்னாடி அந்தப் பாதையில நீங்க நடந்திருக்கீங்களா?”

அவன் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டினான். “...நடந்திருக்கேன்.”

“நன்றி சார்.” பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள். “எழுதிக்கோடி, அஞ்சாவது சாட்சி.”

அவன் டீச்சரைப் பார்த்தான். “இந்தப் பொண்ணை எங்கங்க பிடிச்சீங்க?”

“நான் பிடிக்கல. கடைசி பெஞ்சுல தூங்கிட்டிருந்தா. புத்தகத்தை மூடிட்டு, நம்ம ஊரைக் கேள்வி கேட்கலாம்னு சொன்னேன். முழிச்சுக்கிட்டா.”

அவன் சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் ஜாதி. ஆபத்தான ஜாதி...

மறுநாள் மாலை பள்ளி வாசலில் அவன் நின்றான். “வயசானவங்க நாலு பேரை எனக்குத் தெரியும். கூட்டிட்டுப் போகவா?”

பிறகு தினமும் வந்தான். ஓய்வு பெற்ற தபால்காரர், தையல்காரர், பழைய நர்ஸம்மா என்று வீடு வீடாகப் போனார்கள். கேள்வி கேட்பது பிள்ளைகள். இவர்கள் இருவரும் வாசலில்.

“பசங்க தப்பாக் கேட்டாலும் உள்ள போக மாட்டீங்களா, டீச்சர்?”

“தப்பாக் கேட்டா அவங்களே திருத்திப்பாங்க. தையல்காரர் ஒரு வருஷம் சொல்றார், தபால்காரர் வேற வருஷம் சொல்றார். எது சரின்னு பசங்க ராத்திரி முழுக்க சண்டை போட்டாங்களாம்.”

“நான் சரித்திரத்துல பாஸே ஆகல.”

“பார்த்தாலே தெரியுது.”

“ஓஹோ! வேற என்னெல்லாம் தெரியுது?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சூடானது எதற்கு என்று கேட்டால் வெயில் என்று சொல்லலாம்... வானம் மூடியிருந்தது.

மூன்றாவது வாரம் அவன் அம்மா வகுப்பறைக்கே வந்துவிட்டார்.

“என் வீட்டுக்காரர் பாதையைத் திருடினார்னு உன் புள்ளைங்க எழுதப் போகுதாமே?”

“அவங்க தேடறாங்கம்மா. எது கிடைக்குதோ அதை எழுதுவாங்க.”

“நீ சொன்னா நிறுத்துவாங்க.”

“சொல்ல மாட்டேம்மா.”

அந்தம்மா முகத்தில் இருந்தது கோபமா, பயமா? அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. “எங்கம்மா நேத்துல இருந்து சாப்பிடல. அப்பா போய்ப் பத்தொன்பது வருஷமாச்சு. இப்ப அவரைக் கூண்டுல ஏத்தணுமா, டீச்சர்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் விண்ணப்பித்திருந்த நகராட்சிக் கோப்பின் நகல் அவள் கைக்கு வந்தது. இருபத்தொரு பக்கங்கள். நின்றபடியே புரட்டினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் புரட்டுவதை நிறுத்தினாள். அவன் அப்பாவின் கையெழுத்து! ‘பாதையோரம் அடுக்கியிருந்த மரம் சரிந்து, ஒரு குழந்தை மயிரிழையில் தப்பிப் பிழைத்தது. மறுபடி அப்படி நடக்கக் கூடாது. மரத்தை வேறு இடத்துக்கு மாற்றும் வரை, ஆறு மாதத்துக்கு மட்டும் பாதையை மூட அனுமதி வேண்டும்.’ கீழே நகராட்சியின் ஒப்புதல்.

திருடவில்லை... அனுமதி கேட்டிருக்கிறார்!

பதினேழாம் பக்கம் அந்தச் சந்தோஷத்தைப் பறித்தது. ‘ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது. சுவரை அகற்றவும்.’ வீட்டில் கொடுக்கப்பட்ட நோட்டீஸ். அதன் பிறகு பதிலே இல்லை.

தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார்.

பாதையைத் திறக்க ஒன்பதாம் பக்கமே போதும். பதினேழு இல்லாவிட்டால் அவர் நல்லவர். இருந்தால்...? அவன் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன. அவள் கை அந்தக் காகிதத்தை உருவி, மடித்து, கைப்பைக்குள் வைத்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“மிஸ்,” என்றாள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த வக்கீல், “பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வருது.”

நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று சொல்லலாம். நம்புவார்கள். அவள் சொன்ன எதையும் நம்பும் பதினோரு ஜோடிக் கண்கள்... அதனாலேயே சொல்ல முடியவில்லை.

கைப்பையைத் திறந்தாள். “நான்தான் எடுத்தேன்.”



“ஏன் மிஸ்?”

“ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு. தப்புதான். மன்னிச்சுருங்க.”

வக்கீல் அதைப் படித்தாள். மற்றவர்களிடம் நீட்டினாள். தலைகள் சேர்ந்து கிசுகிசுத்தன. பிறகு வக்கீல் நிமிர்ந்தாள். “நோகாத மாதிரி எழுதலாம் மிஸ். ஆனா விட முடியாது. அவர் ஏன் பதில் போடலன்னு நமக்குத் தெரியாதுல்ல? தெரியாதுன்னே எழுதிடறோம்.”

பதினான்கு வயது! டீச்சருக்குக் கண் கலங்கியது. *நான் சொல்லிக் கொடுத்ததுதான்... என்னைவிட நல்லாக் கத்துக்கிட்டாங்க.*

சனிக்கிழமை வார்டு கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள். கடைசி வரிசையில் அவனும் அவன் அம்மாவும்.

வக்கீல் எழுந்து முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை. வரைபடம், பதினான்கு சாட்சிகள், ஒன்பதாம் பக்கம் என்று வரிசையாகப் படித்தாள். அவன் நாற்காலியில் நிமிர்ந்ததை டீச்சர் பார்த்தாள்.

“பக்கம் பதினேழு. இந்த நோட்டீஸை அவர் வீட்டுல குடுத்திருக்காங்க. பதில் வரல. ஏன் வரலன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாததை நாங்க எழுதல.”

“எனக்குத் தெரியும்.”

எல்லோரும் திரும்பினார்கள். அவன் அம்மா எழுந்து நின்றார்.

“அதை வாங்கினது அவர் இல்ல. நான். அவர் அப்ப படுத்த படுக்கை. காட்டினா எழுந்து ஓடுவார்... சுவரை இடிச்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சுட்டேன். அவர் போனதுக்கப்புறம் எடுக்கத் தைரியம் வரல.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “சுவரை எடுத்துருங்க. தப்பை என் பேர்ல எழுதுங்க, கண்ணுங்களா. அவர் பேர்ல வேண்டாம்.”

“அவர் குழந்தைங்களுக்காக அனுமதி கேட்டதையும் எழுதுவோம்மா,” என்றாள் வக்கீல். “அதைத்தான் முதல்ல எழுதுவோம்.”

பாதையைத் திறக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார் கவுன்சிலர். தூக்காத கையே இல்லை.

வெளியே வராந்தாவில் சாரல். கம்பியைப் பிடித்தபடி டீச்சர் நின்றிருந்தாள். பக்கத்தில் அவன் வந்து நின்றான்.

“நாலு நாளா உங்க மேல கோபம்னு நினைச்சேன். இல்ல டீச்சர்... உங்களைப் பார்க்காம இருந்ததுதான் அப்படி எரிஞ்சிருக்கு. மன்னிச்சுருங்க.”

“அவசரப்பட்டு மன்னிப்புக் கேட்காதீங்க.” அவள் குரல் இறங்கியது. “பதினேழாம் பக்கத்தை நானும் ஒளிச்சேன். பசங்க கண்டுபிடிச்சு வாங்கினாங்க.”

அவன் திகைத்தான். “அதே நோட்டீஸையா?”

“அதேதான்.”

“எங்கம்மா அப்பாவுக்காக ஒளிச்சாங்க. நீங்க...?”

மழை வலுத்தது. அவள் கண்களை உயர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

“உங்களுக்காகத்தான். உங்களைப் பிடிச்சுப் போச்சு... அதனால தப்புப் பண்ணிட்டேன். இனிமே தப்புப் பண்ணாமலே பிடிக்கும்.”