துணிவுவரி

சவரியம்மாள் எட்டடி தூரத்தில் நின்றாள். கையில் தண்ணீர் நிறைந்த வாளி. எரியும் பக்கத்து வீட்டுக்குள் இருளப்பன் இருமுவது கேட்டது. கால் நகரவில்லை.

இருபது வருடம் இருவரும் ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருந்தவர்கள். சங்கு ஊதினால் அவள் இட்லிக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அவன் தையல் மெஷினை விட்டு எழுந்து வருவான். சம்பளம் கிடையாது. முந்நூறு வீட்டுக்கு அது போதும். ஊர் வளர்ந்து புதுக்கரடு ஒன்பதாயிரம் வீடானபோது போதவில்லை. முறையான படை வேண்டும், எல்லோரும் வரி கட்டட்டும் என்று மன்றத்தில் முதலில் சொன்னவள் அவள்தான்.

பணம் கொடுத்தும் நெருப்புக்குள் போக ஆள் கிடைக்கவில்லை. அதனால் துணிவுறிஞ்சி என்ற இயந்திரம் வந்தது. மாதம் ஒருமுறை உள்ளங்கையை வைத்தால் ஒரு சிட்டிகை துணிவை எடுத்துக்கொள்ளும். முந்நூறு பேரின் சிட்டிகை சேர்ந்தால் ஒரு வீரர்.

“பல் டாக்டர்கிட்ட போறதுக்காவது மிச்சம் வைங்கப்பா” என்று முதல் நாள் வரிசையையே சிரிக்க வைத்தான் இருளப்பன்.

இப்போது தெருவில் நாற்பது பேர் நின்றார்கள். ஆளுக்கொரு வாளி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இருமல் நின்றது.

படை ஒன்பதாவது நிமிடம் வந்தது. தயங்காமல் உள்ளே போனார்கள். உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

பத்தாம் நாள் நகர்மன்றக் கூட்டம். வரியை நிறுத்தச் சொல்ல வேண்டும். சவரியம்மாள் ஒரு வாரம் கண்ணாடி முன் பேசிப் பார்த்திருந்தாள். இருளப்பனின் மனைவி ராக்காயி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லிருவீங்கல்ல அக்கா?”

“சொல்லிருவேன்.”

படைத்தலைவர் எழுந்தார். சின்ன வயது. பிசிறில்லாத குரல். தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம், வரியை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். பேசும்போது தாடையைச் சற்றே தூக்கிக்கொண்டார். நெருப்புக்குள் நுழையுமுன் சவரியம்மாள் அப்படித்தான் தூக்குவாள்.

“மறுப்பவர்கள் கை தூக்கலாம்” என்றார் மன்றத் தலைவர்.

சவரியம்மாள் மடியிலிருந்த தன் கையைப் பார்த்தாள். ராக்காயியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ராக்காயி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மன்றத் தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். “ஒருமனதாக” என்று எழுதச் சொன்னார்.