இருபத்தெட்டாம் நம்பர் கம்பி

"எதிர்ல நின்னு பேச வெக்கப்படறே. ஆனா ஒளிஞ்சிக்கினு எல்லாத்தையும் கேக்கறே. கேட்டதையெல்லாம் எங்கடி வெக்கறே?" என்று பாக்கியவதி ஒருமுறை ஐடாவிடம் கேட்டாள். ஐடா தலையைக் குனிந்துகொண்டாள்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் துணி தைப்பவள் பாக்கியவதி. நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட ஐடா அவளிடம் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கப் போவாள். இருபத்திரண்டு வயதாகியும் வேற்று மனிதர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். லைனில் புரியாத சங்கதி ஏதாவது நடந்தால் ஜனங்கள் போலீசைத் தேடுவதற்கு முன் பாக்கியவதியைத்தான் தேடுவார்கள். 1903ஆம் வருஷம், அறுப்பின் பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்படித் தேடி வந்தவள் ஐடாவின் அண்ணி மரியகுழந்தை.

"அக்கா, நாளைக்கு எங்கள லைன விட்டே வெரட்டிடுவாங்க போலக்கீது!"

"முதல்ல தண்ணி குடி. இன்னா ஆச்சு?"

பாதிக் கதை லைன் முழுக்கத் தெரிந்ததுதான். டைம் ஆபீஸ் குமாஸ்தா எட்மண்ட் கோயிலில் கித்தார் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை பண்டிகை ஆராதனையில் இரண்டாம் பாட்டு நடக்கும்போது கித்தாரின் முதல் தந்தி அறுந்து அவன் வலது கண்ணில் அடித்துவிட்டது. பார்வை தேறுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அறுந்தது கித்தார் தந்தியே இல்லை, கல் பொடிக்கும் மில்லின் ஸ்டோரிலிருக்கும் சல்லடைக் கம்பி என்று யாரோ கிளப்பிவிட, பேச்சு சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டன் துரை காதுவரை போயிற்று. துரை கேட்டதற்கு எட்மண்ட் ஒரே பெயரைச் சொன்னான். சனிக்கிழமை தந்தி மாட்டிக் கொடுத்தவன் ஏசுபாதம் என்றான்.

ஏசுபாதம் ஐடாவின் அண்ணன். மில்லில் பொடித்த கல்லைச் சலிக்கும் சல்லடைகளுக்குக் கம்பி பின்னுவது அவன் வேலை. மைன்ஸ் கம்பியைத் திருடியவன் என்று ஆகிவிட்டால் வேலையும் வீடும் போகும். ஜெயிலும் உண்டு. மறுநாள் காலை ஏழு மணிக்குத் துரை முன் விசாரணை.

"தந்திய அவருதான் மாட்னாரா?"

"சத்தியமா இல்லக்கா. சனிக்கிழமை முழுக்க மில்லுலதான் இருந்தாரு."

"ஸ்டோர்ல எந்தச் சுருள்ல கம்பி கொறையுது?"

"பத்துப் பதினஞ்சி சுருள் கீதாம். எதுல வெட்னாங்கன்னு ஸ்டோர்காரருக்கே தெரியலயாம்."

பாக்கியவதி கத்தரிக்கோலை மூடி வைத்தாள். "ஐடா, முக்காட்டப் போட்டுக்கோ. கண்ணு அடிபட்டவர பாத்துட்டு வரலாம்."

எட்மண்டின் வீட்டில் கஷாய நெடி அடித்தது. கண்ணில் பெரிய கட்டுடன் அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் மனைவி டெய்சி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன அந்தக் கித்தாரை எடுத்து வந்து கொடுத்தாள். ஐடா வழக்கம்போல் கதவோரம் நின்றாள்.

தந்தி நடுவில் அறுந்திருக்கவில்லை. கித்தாரின் கழுத்து முடியும் இடத்தில், தந்திகளைப் பிரித்து வைக்கும் எலும்புப் பட்டையில் அறுந்திருந்தது. மீந்த துண்டு முறுக்காணியிலேயே தொங்கியது. பட்டையில் அந்தத் தந்திக்கான பள்ளத்தின் இரு கரையும் புதிதாக உரசி வெளுத்திருந்தன.

"பழைய தந்தி ஏதாவது இருக்குதா, டெய்சி?"

சனிக்கிழமை அறுந்த தந்தி பொட்டணத்தோடு கிடந்தது. பொட்டணத்தின் மேல் 31 என்று அச்சிட்டிருந்தது. பாக்கியவதி பழையதையும் புதியதையும் விரல்களுக்கிடையில் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தாள்.

"அதுல பாக்கறதுக்கு இன்னாக்கா கீது?" என்று எட்மண்ட் சலித்துக்கொண்டான். "முப்பத்தொண்ணு போடற எடத்துல இருபத்தெட்டப் போட்டுட்டான். அவ்ளோ மெல்லிசு கம்பி தாங்குமா? படுபாவி, என் கண்ணையே எடுத்துட்டான்."

"வலிக்குதா, தம்பி?"

"ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"சாயந்திரம் மறுபடியும் வரேன்."

தெருமுனை திரும்பியதும் ஐடா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா! எந்தச் சுருளுன்னு ஸ்டோர்காரருக்கே தெரியாதே? அவரு நம்பர் சொன்னாரே!"

"அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தா?"

ஐடாவின் முகம் வாடிவிட்டது.

"அதுக்கும் அவரே பதில் சொல்லிட்டாரு. போயி உங்க அண்ணன கூட்டினு வா. கம்பி அளக்கற தகடையும் எடுத்துக்கச் சொல்லு."

ஐந்து மணிக்கு எட்மண்டின் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏசுபாதம் மில் தூசியோடு வந்து நின்றான். எட்மண்டின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. கண்ணில் அடிபட்டவனை ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிவரை முதுகில் சுமந்து ஓடியவன் அவன்தான்.

அவன் கொண்டுவந்த வட்டத் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பிளவுகள் இருந்தன. ஒவ்வொரு பிளவுக்கும் ஒரு நம்பர். அறுந்த கம்பி முப்பத்தொன்றில் நுழையவில்லை. இருபத்தெட்டில்தான் சரியாக உட்கார்ந்தது. பழைய தந்தி முப்பத்தொன்றுக்குள் போயிற்று.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றான் எட்மண்ட்.

"நம்பர் சரி. அதுதான் தப்பாப் போச்சு, தம்பி. கம்பி மேல நம்பர் எழுதல. சுருள்ல கட்ன டிக்கெட்லதான் கீது. இத நாங்க இப்பத்தான் அளக்கறோம். உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"பாதம்தான் சொன்னான்... மாட்டும்போது."

"இருக்கலாம். ஆனா நீ இத மெல்லிசுன்னு சொன்னே. இது மொத்தம், தடிச்ச கம்பி. எங்கிட்ட அறுபதாம் நம்பர் நூலும் கீது, நாப்பதாம் நம்பர் நூலும் கீது. எது மெல்லிசு, ஐடா?"

எல்லாரும் தன்னைப் பார்ப்பது ஐடாவுக்குத் தெரிந்தது.

"அறுபது," என்றாள். பிறகு அவளே மேலே பேசினாள். "கம்பியும் அப்பிடித்தான். நம்பர் ஏற ஏற மெலியும். தெனமும் கம்பி தொடற எங்க அண்ணனுக்கு அது தெரியும். இருபத்தெட்டு மெல்லிசுன்னு... பேப்பர்ல எண்ணு மட்டும் பாக்கறவங்கதான் நெனப்பாங்க."

பாக்கியவதி தலையசைத்தாள். "சனிக்கிழமை தந்தி அறுந்திச்சு. மறுநாள் பண்டிகை. வேற தந்தி வாங்கப் பெங்களூர் போவ நேரமில்ல. டைம் ஆபீசுக்குப் பக்கத்துலதான் ஸ்டோர். முப்பத்தொண்ணு கெடைக்காம, கொஞ்சம் மெல்லிசா இருந்தாலும் ஒருநாள் தாங்கும்னு சின்ன நம்பரா எடுத்தே. அது மொத்தம். அதே சுருதிக்கு ஏத்த கூட முறுக்கணும். பள்ளமோ சின்னது, கம்பி அதுல சிக்கி இறுகிடுச்சு. சல்லடைக் கம்பி தந்தி மாதிரி கெட்டி எஃகும் இல்ல. சிக்கின எடத்துலயே பிச்சிக்கிச்சு."

எட்மண்டின் கை கட்டுப் போட்ட கண்ணைத் தடவியது.

"கேப்டன் கேட்டப்ப பயந்துட்டேன்," என்றான் மெதுவாக. "ஒரு கண்ண வெச்சிக்கினு, வேலையும் போயிட்டா நான் எங்க போறது? பாதத்துக்கு ரெண்டு கையும் கீது, எங்கயாவது பொழச்சிக்குவான்னு..."

"அவனுக்குக் கைக்குழந்தை இல்லியா?" என்றாள் டெய்சி. கணவனிடம் அவள் குரல் உயர்த்தி ஐடா கேட்டதில்லை. டெய்சி உள்ளே போய்க் காகிதமும் மையும் கொண்டுவந்து அவன் மடியில் பலகையை வைத்தாள். அவன் நாலு வரி எழுத வெகு நேரம் பிடித்தது. பேனா இரண்டு முறை காகிதத்தைத் தாண்டிப் பலகையில் கிறுக்கியது. கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டினான்.

"பாதம், காலையில கேப்டன் கையில நீயே குடு. நானும் வரேன். ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போடா."

ஏசுபாதம் காகிதத்தை வாங்கி மை காயும்வரை விரித்துப் பிடித்தான். நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தான். எட்மண்டின் கண்கட்டை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனான்.