எண்ணிக்கை எழுதாத எலும்பு

எலும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

சில்வண்டு சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கை ஜில்லென்றுதான் இருந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் பத்து நாளாக ஏ.சி. ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் தூரிகைகளும், மை உரசும் கல்லும், நூலில் கோத்த மூங்கில் பட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன. அந்த மாட்டுத் தோள்பட்டை எலும்பு மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போலச் சூடு தாங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா சில்வண்டு, எலும்புக்குக் காய்ச்சலா?"

பின்னால் கண்காட்சிக்காரர் கோப்போடு நின்றிருந்தார். சீன எழுத்தின் கதையைப் பதினான்கு மரப்பெட்டிகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, ஊர் ஊராக நூலகங்களுக்குக் கொண்டுபோகிறவர் அவர். எந்த ஊரிலும் பெட்டியைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஒவ்வொரு பொருளையும் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை என்று நூலகர் தரப்பில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் நூலகர் அவள் அம்மா. இன்று மூடும் நாள்; பள்ளிக்கு விடுமுறை என்பதால் அம்மாவுக்குப் பதிலாக ஒப்பிடும் வேலை மகளுடையது.

"ஏழாம் நம்பர்," என்று அவர் வாசித்தார். "தோள்பட்டை எலும்பு. பின்பக்கம் சூடு வைக்கிறதுக்குத் தோண்டின குழி பன்னெண்டு, எதுலயும் சூடு வைக்கல. முன்பக்கம் எழுத்து கிடையாது. சரியா?"

எலும்பு கவிழ்ந்திருந்தது. ஒரு குழியின் உள்ளே மட்டும் கருகல். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "சரியா இருக்கு சார்," என்றாள்.

ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வயதில் அம்மா வைத்த பெயர் சில்வண்டு. அப்பாவை விட்டு ஓடிவந்த இந்த எட்டு மாதத்தில் பேச்சு குறைந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்பா அம்மாவின் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, திறக்காமல், சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டவர் அவர்.

தப்பு நடந்தது கண்காட்சியின் இரண்டாம் நாள்.

அன்று கண்காட்சிக்காரர் வந்திருந்த பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜா எலும்பைத்தான் கேட்பாராம். கேள்வியைச் செதுக்கி, பின்பக்கம் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தால் 'பொக்'கென்று விரிசல் விடும். விரிசல்தான் பதில். அடுத்த பத்து நாளில் கெட்டது எதுவும் வருமா? வராமலிருக்க என்ன கொடுக்க வேண்டும்? ஆடா, மாடா, போரில் பிடித்த ஆளா? எத்தனை? செய்து காட்டுவதற்குக் கசாப்புக் கடை எலும்பு வாங்கி, பழசு மாதிரித் தெரிய டீத்தண்ணீரில் ஊறவைத்து, ஒரு கூடை நிறைய வைத்திருந்தார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன.

அன்றைய செய்தித்தாளில் திறப்புவிழாப் படம் வந்திருந்தது. ரிப்பன் வெட்டுகிறவர்களுக்குப் பின்னால், பாதி முகம் தெரிய, அம்மா. கீழே ஊர்ப்பெயர், நூலகத்தின் பெயர். அப்பா செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள்.

சாயங்காலம் எல்லாரும் மேலே போனபிறகு சில்வண்டு கூடையைப் பார்த்தாள். காலி. பக்கத்துத் தட்டில் ஒன்று இருந்தது. அதே டீ நிறம். காம்பஸ் முனையால் நாலு வார்த்தை கீறினாள்: அப்பா இங்க வரவே கூடாது. அவர் செய்து காட்டிய அடுப்பிலேயே கம்பியைக் காய்ச்சிக் குழியில் வைத்தாள். 'பொக்'. முடி கருகும் நாற்றம் எழுந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, இரவு முழுக்க இறங்கவில்லை. மறுநாள் பெட்டியில் ஏழாம் எண் காலியாக இருந்ததைப் பார்த்தபோதுதான், அவர் பிள்ளைகளுக்குக் காட்ட வெளியே எடுத்து, திரும்ப வைக்க மறந்ததை எடுத்துவிட்டோம் என்று விளங்கியது. யாரும் பார்ப்பதற்குள் எலும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சொன்னால் அம்மாவின் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அப்பாவிடமே திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் காலை, அவள் எழுதியதற்குக் கீழே, அவள் போடாத ஒரு கிடைக்கோடு. ஆறாம் நாள் இரண்டு. நேற்று மூன்று. பக்கத்தில் ஒரு சின்ன உருவம். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் முன் நின்று ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒரு ஆள். அவன் கழுத்தின் குறுக்கே கோடரி. 'வெட்டிப் பலியிடுதல்' என்று கீழே அச்சடித்திருந்தது. கிடைக்கோடுகள் எண்கள்; மூன்று கோடு என்றால் மூன்று.

"சார்," என்றாள் இப்போது, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "எத்தனை குடுப்போம்னு எழுதாம விட்டுட்டா?"

"எழுதாம எவனாவது விடுவானா? அதுதானே பேச்சே. காலியா விட்டா, பலி வாங்குற அந்தப் பக்கமே நிரப்பிக்கும்ல."

மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் சிரித்தார். "காலிப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு மாமியார் கையில குடுக்கிற மாதிரி சார். எங்கதை அதுதான்." காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, வர்ற வழியில உடைஞ்ச காட்சிப் பெட்டிக்குக் கண்ணாடி வாங்கிட்டு வந்துடறேன். பாப்பா, உனக்கு என்ன வேணும்? சாக்லேட்டா?"

"ஒண்ணும் வேணாம்ணே."

மாலை ஆறரை மணிக்குக் கண்காட்சிக்காரரின் போன் அடித்தது. அவர் 'ம்' என்றார். மறுபடி 'ம்' என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கீழே வந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"நாய் குறுக்கே வந்துச்சாம். பிரேக் போட்டிருக்கான். பின்னாடி நிறுத்தி வச்ச கண்ணாடியெல்லாம் அப்படியே சறுக்கி, கேபினுக்குள்ள..." அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், தன் கழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டது. "சீட்ல உட்கார்ந்தபடிதான் இருக்கானாம். தலையைத்தான் தேடிட்டு இருக்காங்க."

அவர் ஓடினார். அம்மா மேலே போய் வாசகர்களை அனுப்பி, வாசற்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பக் கீழே வந்தாள். சில்வண்டு எலும்பைத் திருப்பிப் பார்த்தாள்.

மூன்று கோடுகளில் முதல் கோடு சிவந்திருந்தது. ஈரமாக.

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே, மூக்கைத் துடைத்துக்கொண்டே, இரண்டாம் நாள் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா முதலில் நூலகராகத்தான் கத்தினாள்.

"அடிப்பாவி! இது நிஜ எலும்புடி! மூவாயிரம் வருஷத்து எலும்புல காம்பஸால கிறுக்குவியா?" பிறகு கிறுக்கியிருந்ததைப் படித்தாள். மகளின் தலையில் கை வைத்தாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"வேலை போயிடுமேன்னுதான்."

"போனா போகட்டும் சனியன்." அம்மா மேசையிலிருந்து அட்டை வெட்டும் கத்தியை எடுத்தாள். "எண்ணிக்கைதானே விட்டுப்போச்சு? நான் எழுதறேன். ஒண்ணு. அந்தப் பாவப்பட்ட மனுஷனோட கணக்கு முடியட்டும்."

அழுத்தினாள். எலும்பில் கீறல் விழவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். கத்தி ஒடிந்து, துண்டு எங்கோ சுவரில் மோதி விழுந்தது. கட்டைவிரலிலிருந்து ரத்தம் வழிந்து எலும்பின் மேல் சொட்டியது. சொட்டியது தேங்கவில்லை. பஞ்சில் விழுந்ததைப் போல உள்ளே போய்விட்டது.

அப்போது மேலே, வாசற்கதவு திறந்தது.

"பூட்டலையாம்மா?"

"சாத்தினேன். பூட்டல."

மழை ஈரத்தில் செருப்பு வழுக்கும் சத்தம். படியில் ஒரு கால். அடுத்த கால். வேகமில்லை. அந்த நிதானத்தை அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். குடித்திருந்தால் அப்பா வேகமாக வருவார். குடிக்காமல் முடிவெடுத்துவிட்டு வரும்போதுதான் இப்படி எண்ணி எண்ணி வைப்பார். அம்மா பாய்ந்துபோய்க் கீழ்த்தளக் கதவைத் தாழிட்டாள். கதவின் மேல்பாதியில் பால்நிறக் கண்ணாடி. அதில் ஒரு நிழல் வந்து நின்றது.

"பேப்பர்ல படம் நல்லா விழுந்திருக்கு," என்றார் அப்பா, கதவுக்கு அந்தப்புறமிருந்து, அன்பாக. "கழுத்துல ஒண்ணும் இல்லாமதான் நின்னே. ஏன், நான் போட்ட செயினு கனக்குதா?"

"போயிடுங்க. போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. வர எவ்வளவு நேரமாகும்? பாப்பா, கதவைத் திற. அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

சில்வண்டு தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடி உள்ளே வெடித்துச் சிதறியது. முழங்கை வரை ஒரு கை வந்தது. கையெல்லாம் கீறி ரத்தம். அது காற்றில் துழாவி, அம்மாவின் கூந்தலைப் பிடித்து, சுருட்டி, இழுத்தது. அம்மாவின் நெற்றி கதவில் மோதியது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு மோதலுக்கும் அப்பா ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னார். ஓடிவந்த மாதத்திலிருந்து வரிசையாக. சில்வண்டு அந்தக் கையைக் கடித்தாள். பல்லில் எலும்பு பட்டது. கை விடவில்லை. நாலாவது மாதம். அம்மாவின் வாயிலிருந்து ஒரு பல் தரையில் தெறித்தது.

ஐந்தாவது மாதத்தின் பெயர் பாதியில் நின்றது.

நாற்றம் வந்தது. முடி கருகும் நாற்றம். படிக்கட்டிலிருந்து.

கூடவே ஒரு சத்தம். கனமான இரும்பை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு இறங்கும் சத்தம்.

"யார்டா அது?" அப்பா திரும்பியது நிழலில் தெரிந்தது. "டேய். உன்னைத்தான். தள்ளி நில்..."

பொக்.

அவ்வளவுதான். ஏதோ ஒன்று படியில் உருண்டது. ஒரு முறை, இரண்டு முறை தட்டி, நின்றது. ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கை இன்னும் கூந்தலைப் பிடித்திருந்தது. சில்வண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சுண்டுவிரல் ஒடிந்தது. கடைசி விரல் விட்டதும் கை தானாகவே, அவசரமில்லாமல், வந்த வழியே பின்வாங்கிப் போயிற்று.

"பார்க்காதே," என்றாள் அம்மா, வாயில் ரத்தத்தோடு. "பார்க்காதேடி."

சில்வண்டு மேசை மேலிருந்த எலும்பைப் பார்த்தாள். இரண்டாவது கோடு சிவந்துகொண்டிருந்தது. இடமிருந்து வலமாக. மெதுவாக. மூன்றாவது வெளுப்பாக இருந்தது.

பிறகு உடைந்த கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள்.

படிக்கட்டில் ஆட்கள் மண்டியிட்டிருந்தார்கள். வரிசையாக. மேலே வாசல் வரை, வாசலைத் தாண்டித் தெருவிளக்கு வெளிச்சத்தில் மழையில், இன்னும் பின்னால். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. வெற்றுடம்புகள். மண் ஒட்டிய உடம்புகள். யாருக்கும் கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை. முன்வரிசையில் ஒரு காக்கிச் சட்டை.

அப்பா முழங்காலாலேயே நகர்ந்துகொண்டிருந்தார். தலை இல்லாமல், தடுமாறாமல், இடம் தெரிந்தவரைப் போல. காக்கிச் சட்டையின் வரிசையில் போய் நின்றார். ஒட்டி நிற்கவில்லை. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டார்.

அம்மா எழுந்தாள். மகளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். சில்வண்டு அம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தானே முன்னால் போனாள். அம்மா அவளை மறுபடி இழுத்தாள். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிப் பின்னால் தள்ளிக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளின் மேல் வெறுங்காலோடு, அந்தக் கதவுக்கு முன்னால்.

வெளியே தாழ்ப்பாள் பக்கம் யாரோ கனமான இரும்பைத் தரையில் ஊன்றினார்கள். முன்வரிசையில் காக்கிச் சட்டையும் அப்பாவும், யாருக்கோ வழி விடுகிறவர்களைப் போல, ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.