நாளைய தேதியிட்ட கோப்பு

கோப்பின் தேதி நாளை என்றிருந்தது.

இன்று ஞாயிறு. கணினியின் கடிகாரத்தையும் கைப்பேசியையும் நாகஜோதி ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டும் சரி. ஆனாலும் மிஷினின் மென்பொருளைத் தொகுக்கும் கெர்னல் பில்ட் மறுபடி அதே இடத்தில் நின்றிருந்தது. கதவு சென்சாருக்கான கோப்பு இன்னும் வராத நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது, தொடர முடியாது என்றது.

நெருப்பெரிச்சல் ஊரிலிருந்த அந்த நிட்டிங் கம்பெனிக்கு விடுமுறை. மத்தியான வெயிலில் தகரக் கூரை நெளிந்து முனகிக்கொண்டிருக்க, ஓடாத மிஷின்களுக்கிடையில் ஊசி எண்ணெயும் சூடேறிய பஞ்சும் கலந்த வாடை நகராமல் நின்றது. போன மாதம்வரை கணவன் ஜெபக்குமாரின் சட்டையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வாடை.

அவன் ஆறாம் மிஷினில் செத்தான். துணி சுருளும் அடிப்பகுதியின் கதவைத் திறந்தால் மிஷின் நிற்க வேண்டும். நின்று நின்று ஓடினால் ஷிப்டுக்கான துணி தேறாது. அதனால் சென்சாரில் ஒரு காந்தத்தை வைத்து டேப் சுற்றிவிடுவார்கள். கதவு மூடியிருப்பதாகவே மிஷின் நினைத்துக்கொள்ளும். அவனும் சுற்றினான். பஞ்சை வழிக்க, ஓடும் மிஷினுக்குள் கையை விட்டான்.

அந்த ஏமாற்றைக் கண்டுபிடித்து மிஷினை நிறுத்தும்படி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் லினக்ஸ் கெர்னலைத் திருத்திக்கொண்டிருந்தாள் கம்பெனியின் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனான நாகஜோதி. இன்றே முடிய வேண்டும். நாளைக் காலை அந்த மிஷினுக்கு மைதிலி வருகிறாள். புதுக் கல்யாணப் பெண். கை நிறையப் பச்சை வளையல்.

சூப்பர்வைசர் கன்னையன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, இன்னும் ஆகலீங்களா?"

"ஆயிரும்ணே."

"ஆகாட்டிப் போகுது உடுங்க. காலைல காந்தத்த ஒட்டி ஓட்டிக்கலாம். உங்க ஊட்டுக்காரரே அப்படித்தானுங்க ஓட்டுனாரு."

"அப்படி ஓட்டுனதுனாலதான்ணே பொதச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் திரும்பிப் போனார். வெளியே பைக் கிளம்பி, சத்தம் தேய்ந்து மறைந்தது.

கணினியின் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரியை மாற்றினாள். பழைய பில்டை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். வரிகள் மேலேறின. நின்றன. நாளை. கோப்பையே அழித்து, ஒவ்வொரு வரியாகப் புதிதாக அடித்துச் சேமித்தாள்.

நாளை.

கீபோர்டில் பஞ்சு படிந்திருந்தது. ஊதினாள். ஒரு மிஷினும் ஓடவில்லை. மறுபடி படிந்தது.

பின்னால் டேப் கிழிபடும் சத்தம். பல்லால் கிழிக்கும் சத்தம். ஜெபக்குமார் ஒருநாளும் கத்தரியைத் தேடியதில்லை.

திரும்பினாள். யாருமில்லை. ஆறாம் மிஷினின் சென்சாரில் காந்தம். காலையில் அவளே பிய்த்து எறிந்தது. எழுந்து போய்த் தொட்டாள். டேப்பின் முனை எச்சில் ஈரமாக இருந்தது.

"வேணாம்யா," என்றாள். "அந்தப் புள்ள பாவம்யா. விட்ருய்யா."

மெயின் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

மிஷின் சுற்றத் தொடங்கியது. மெல்ல. சத்தமில்லாமல். கதவு திறந்தபடி.

உள்ளே ஒரு கை பஞ்சை வழித்துக்கொண்டிருந்தது. அதன் விரலில் அவள் மாட்டிவிட்ட கல்யாண மோதிரம்.

பக்கத்தில் இன்னொரு கை. சின்னது. பச்சை வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கி, வெள்ளைத் துணியோடு சேர்ந்து சுருண்டுகொண்டிருந்தன.