புகை போட்ட அறை

காலை ஆறரை மணி. மர்கிலான் நகரை அடுத்த அந்தக் கிராமத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்குள் கை விட்ட ஹுல்கர் வீடே அதிர அலறினாள். குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது.

பஹ்ராம் மகனை மேல்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மதியம் அதே கோட்டுக்குள் பொத்தியபடிதான் திரும்பினான். இப்போது அவன் ஓடவில்லை.

பிள்ளை போன வீட்டில் பழி சுமக்க ஆள் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே அன்று இருட்டுவதற்குள் கிடைத்துவிட்டது. பெற்றவளே கிடைத்தாள்.

அடக்கம் முடிந்து சில நாளில் தொற்றுநோய் டாக்டர் மிர்வாலி வந்து சேர்ந்தார். முகக்கவசம் போட்ட, தொண தொணவென்று கேள்வி கேட்கிற மனிதர். வாசலில் துணி மூட்டை ஒன்று கட்டி வைத்திருப்பதை வரும்போதே பார்த்தார்.

"யாரோட மூட்டை?"

"என் பொண்டாட்டியோடது. சாயங்காலம் அவ அம்மா வீட்டுல கொண்டு விட்டுடுவேன்" என்றான் பஹ்ராம்.

"எப்ப கூட்டிட்டு வருவே?"

பஹ்ராம் குனிந்து மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினான்.

அவனுடைய அக்கா சபோஹத் தேநீர் கொண்டு வந்தாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இடது கையை விலாவில் அழுத்திக்கொண்டு கெண்டியைச் சாய்த்தாள். வலது கண்ணின் வெள்ளை விழியில் ரத்தம் கட்டியிருந்தது.

"கண்ணுல என்னம்மா?"

"புகை, டாக்டர். தினம் இசிரிக் புகை போட்டேன்ல."

சில்லா முடியும் வரை, பிறந்த நாற்பது நாளும், தாயும் சேயும் இருக்கிற அறைக்குள் வெளியாள் காலெடுத்து வைக்கக் கூடாது. காய்ந்த இசிரிக் செடியைச் சட்டியில் கொளுத்திக் காலையும் மாலையும் புகை காட்ட வேண்டும். இந்த வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனாலும் நோய் உள்ளே வந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில குழந்தையோட மூக்குச் சளியை எடுத்துப் பாத்தாச்சு. கக்குவான் இருமல்" என்றார் மிர்வாலி. "அந்த அறைக்குள்ள யார் யார் போனீங்க?"

"நாங்க மூணு பேர்தான்."

"வேற யாரும் இல்லையா?"

"வேற யாரையும் விடல. ஆனா இவ ஜன்னலைத் திறந்தா!" பஹ்ராமின் குரல் உடைந்தது. "தம்பிக்காரன் மாஸ்கோவுல இருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தான். சில்லாவை மீறிப் பிள்ளையை அவன்கிட்ட காட்டியிருக்கா. என் மகனைக் கொன்னது அந்தச் சளிதான்!"

மூலையில் உட்கார்ந்திருந்த ஹுல்கர் தலை நிமிரவில்லை. டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"தம்பி எப்ப வந்தான்மா?"

"குழந்தைக்கு முடியாமப் போறதுக்கு முந்தின நாள். ஒரு நிமிஷம்தான் டாக்டர். ஆசையா இருந்துச்சு, காட்டினேன்."

"எப்படி இருந்தான்?"

"தும்மினான். மூக்கு ஒழுகிச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சாம்."

"உனக்கு இப்ப இருமல் உண்டா?"

"இல்ல."

அப்போது சபோஹத் எழுந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு விரைந்தாள். விடாத இருமல் கேட்டது, பிறகு ஓங்கரிக்கும் சத்தம், பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"பாவம் அக்கா. பிள்ளைக்காக அவ்வளவு புகையைக் குடிச்சிருக்கா. அந்த அறைக்குள்ள போனா நாங்க எல்லாருமே இருமுவோம்" என்றான் பஹ்ராம்.

மிர்வாலி எழுந்து முற்றத்துக்குப் போனார். சுவரோரம் இசிரிக் சட்டி கிடந்தது. அதில் சாம்பல் தெரியாத அளவுக்குப் பனி நிறைந்திருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் போய்விடலாமா என்று அவருக்கே தோன்றியது. வாசல் மூட்டையைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டார். எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"பஹ்ராம், உன் மச்சானுக்கு வந்தது வெறும் ஜலதோஷம். அந்தக் கிருமி வேற, கக்குவான் கிருமி வேற. கக்குவான் ஒட்டினா வெளியே தெரிய ஒரு வாரமாவது ஆகும். அவன் வந்ததோ முந்தின நாள். ஜன்னல் வழியா எதுவும் வரல. உன் பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப யாரு?"

"புகைக்கு ரெண்டு கண்ணும் சிவக்கும். உன் அக்காவுக்கு ஒரு கண்ணுதான். விடாம இருமி இருமி உள்ளே ரத்த நாளம் வெடிச்சிருக்கு. விலா வலியும் வாந்தியும் அதனாலதான். சட்டியில பனி நிறைஞ்சு கிடக்கு, குழந்தை போனதுல இருந்து யாரும் புகை போடல. ஆனா இருமல் மட்டும் நிக்கல." சபோஹத் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நோய் உங்ககிட்ட இருந்துதான் போச்சு, அம்மா. எல்லாரும் இருமுற அறையில உங்க இருமல் யாருக்கும் தனியாத் தெரியல. உங்களுக்கே தெரியல."

சபோஹத் வெறித்துப் பார்த்தாள்.

"எனக்குச் சாதாரண சளிதானே டாக்டர்? மூக்கடைப்பு, அப்புறம் இருமல். எல்லாருக்கும் வர்றதுதானே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பெரியவங்க தாங்கிக்குவாங்க. பச்சைப் பிள்ளைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சே நின்னுடும். தடுப்பூசி போடுற வயசும் அதுக்கு வரல."

"நான் தினம் ஓதி ஊதினேனே" என்றாள் அவள். "கண்ணு படக் கூடாதுன்னு மூஞ்சிக்குக் கிட்ட குனிஞ்சு... ஒவ்வொரு தடவையும் மூணு தரம் ஊதினேனே."

பஹ்ராம் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். டாக்டர் மருந்துப் பையைத் திறந்தார்.

"உங்க எல்லாருக்கும் மருந்து தர்றேன்" என்றார் ஒருவழியாக. "இன்னொண்ணு கேக்கணும், அம்மா. வேற எந்தக் குழந்தைகிட்டயாவது போனீங்களா?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எர்கின் வீட்டுக்கு. அங்கே சில்லா நடக்குது, ஓதுறவளாச்சேன்னு என்னை மட்டும் உள்ளே விடுறாங்க. ஒரு வாரமா ஓதி ஊத மட்டும் போறேன்."

ஹுல்கர் எழுந்தாள். நேராக வாசலுக்குப் போய் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு நாத்தனாருக்கு எதிரே வந்து நின்றாள்.

"உங்களை என்னால பாக்க முடியல, அண்ணி. வாயை மூடிக் கட்டுங்க. அங்கே ஒரு பிள்ளை இருக்கு."

மூட்டையை யாரும் மறுபடி கட்டவில்லை.

டாக்டர் மருந்துப் பையை மூடும்போது வெளிக்கதவு தட்டப்பட்டது. எர்கின்தான்.

"சபோஹத் அக்கா! சின்னவன் தூங்கவே மாட்டேங்கிறான். துக்க வீட்டுல கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவை வந்து ஊதிட்டுப் போங்களேன்!"

சபோஹத் கதவருகே போனாள். தாழ்ப்பாளைத் தொடவில்லை. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து வந்த குரல் அவளுடையது போலவே இல்லை.

"டாக்டர் உங்க வீட்டுக்கு வர்றாரு, தம்பி. கதவைத் திறந்து விடு. அவர் சொல்ற மருந்தை இன்னைக்கே கொடுத்துடு."

"நீங்க வரலையா, அக்கா?"

"நான் வந்தா," என்றாள் அவள், "திறக்காதே."