மூஞ்சியை ஒழுங்கா போடு

இரண்டாவது தடவை பூசிய நிறமும் காய்ந்து வெள்ளையாகிவிட்டது.

மாடி ஜன்னலோரம் மேசையைப் போட்டு, எதிர்மேட்டிலிருந்த சின்னப் பழைய சர்ச்சை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தாள் அந்த டிராயிங் டீச்சர். ஓட்டுக்கூரை, பாசி பிடித்த கல்சுவர், முழங்காலளவு புல் எல்லாம் சமர்த்தாகக் காய்ந்தன. சர்ச் வாசலில் நிற்கும் கணவனின் முகம் மட்டும் பூசப் பூசத் தாளாகவே திரும்பியது. வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளை அப்படியே விட்டுவிடுவதுதான். சட்டைக்கு விட்டாள், சரி. முகத்தை யார் விடச் சொன்னது?

அம்மாவைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழுகையும் வரவில்லை. வரைந்தாலாவது தேறுவாள் என்று இந்த வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்ததே அவன்தான். படத்தில் ஓர் ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், கிளம்பிவிட்டான்.

"மூஞ்சியை ஒழுங்கா போடுடி. அத்தை போனதுலேர்ந்து நீ அதை நிமிர்ந்துகூடப் பாக்கல" என்றான் போகும்போது, சிரித்துக்கொண்டேதான்.

மூன்றாம் தடவை பூசினாள். மெழுகில் பட்ட தண்ணீராக நிறம் உருண்டு விலகியது. ஈரத் தாளின் வாடையோடு மண்வாடை கலந்து வந்தது, குழியோரம் நின்றபோது வந்த அதே வாடை. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் என்னவோ பக்கத்து வீட்டில் இருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிச்சிட்டியா? கால் கடுக்குது."

"இன்னும் கொஞ்சம்."

"வெயில் கூசுதா என்னன்னு தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்குடி."

நிமிர்ந்தாள். வானம் மூடிக் கிடந்தது. சர்ச் வாசலில் ஆளில்லை.

"எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன். சுவரைத் தடவிட்டே வரேன்."

கீழே கதவு திறந்தது. படியில் ஒரு காலடி. நின்றது. மறுபடி ஒன்று. சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம்.

அவன்தான். அவன் சட்டை. தோளில் தையல் விட்ட அதே இடம். கையில் போன்.

கழுத்துக்கு மேல் தாள். சொரசொரப்பான, ஈரமான, வெறும் தாள்.

குரல் அவனிடமிருந்து வரவில்லை. மேசைமேலிருந்த போனிலிருந்து வந்தது. "பயமா இருக்குடி. சீக்கிரம் போடு."

நாற்காலியைத் துழாவி எதிரே உட்கார்ந்தான். முகத்தை நீட்டினான்.

மரத்துக் கிடந்த நெஞ்சில் அப்போதுதான் சுரீரென்றது. பிரஷ்ஷைத் தோய்த்தாள். முதலில் கண். கண் எப்படி இருக்கும்? மீசை வைத்திருந்தானா?

ஐயோ. ஞாபகம் வரவில்லை.

கண்ணை மூடினாள். புதைத்த நாளிலிருந்து கண்ணை மூடினால் தெரியும் அந்த ஒரு முகம்தான் தெரிந்தது. கை தானாகப் போனது. நெற்றிச் சுருக்கம். குழிந்த கன்னம். இந்தத் தடவை நிறம் பிடித்துக்கொண்டது.

போனில் அவன் குரல் நின்றுபோனது.

உதட்டைப் போட்டு முடித்தாள். ஈரம் காயுமுன் அது அசைந்தது.

"சாப்பிட்டியாம்மா?"